தொழிற்சாலைக்குப் போன குருக்கள்

(தொழிலாளரான புனித யோசேப்பு விழாவையொட்டி வானொலியில் வழங்கிய மறையுரை)



மே முதல் நாளில் நம் பங்குகள் பலவற்றில் ஓர் அழகான வழக்கம் உண்டு. திருப்பலி முடிந்ததும் கோவில் முற்றத்தில் ஆட்டோவும் டெம்போவும் வரிசையாக நிற்கும். தையல் மெஷின், கொத்தனாரின் கரண்டி, எலக்ட்ரீசியனின் கருவிப்பை எல்லாம் வந்திருக்கும். குருவானவர் அவற்றை மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். அன்றைய நற்செய்தியில், நாசரேத்து மக்கள் தம் ஊர்க்காரரான இயேசுவைப் பார்த்து, இவர் தச்சருடைய மகன்தானே என்று இளக்காரமாகக் கேட்ட பகுதியை வாசிப்போம் (மத் 13:54-58).

இந்த விழா மிகப் பழைமையானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1955-ஆம் ஆண்டு மே முதல் நாள், புனித பேதுரு வளாகத்தில் கூடியிருந்த இத்தாலியக் கத்தோலிக்கத் தொழிலாளர்கள் முன்னிலையில் திருத்தந்தை 12-ஆம் பயஸ் இதை அறிவித்தார். அதற்கு வெகு காலம் முன்பே மே முதல் நாள் உழைப்பாளிகளின் நாளாகிவிட்டது. 1886-இல் சிகாகோவில் எட்டு மணி நேர வேலைக்காக எழுந்த போராட்டத்தின் நினைவு அது. நம் சென்னைக் கடற்கரையிலேயே 1923-இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிவிட்டார். திருச்சபை அந்த நாளுக்கு வந்து சேரும்போது வருடம் 1955.

தாமதமாக வந்ததையாவது மன்னித்துவிடலாம். நான் இன்று பேச விரும்புவது அந்த அறிவிப்புக்குச் சரியாகப் பதினான்கு மாதங்களுக்கு முன் நடந்ததைப் பற்றி. 1954-ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி, பிரான்சு நாட்டில் தொழிற்சாலைகளில் கூலி வேலை செய்துகொண்டிருந்த குருக்கள் வேலையை விட்டு வெளியே வர வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டிருந்தது. பிரசங்க மேடையில் இதை நாம் அதிகம் சொல்வதில்லை. சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

கதை பெல்ஜியத்தில் தொடங்குகிறது. ஜோசப் கார்டைன் என்ற சிறுவன் 1882-இல் பிறந்தவன்; எளிய உழைப்பாளிக் குடும்பம். கூடப் படித்த பையன்கள் பள்ளியை முடித்ததும் தொழிற்சாலைக்குப் போனார்கள். இவன் குருமடத்துக்குப் போனான். விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது பழைய நண்பர்கள் இவனோடு பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சில மாதங்களுக்கு முன் ஒன்றாக நன்மை வாங்கியவர்கள்தாம். இவன் இப்போது முதலாளிகளின் பக்கம் சேர்ந்துவிட்டான் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

அன்பர்களே, இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பையன்கள் யாரும் கடவுள் இல்லை என்று புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்லர். ஆலைக்குள் நுழைந்த சில மாதங்களில், தங்கள் வாழ்க்கைக்கும் கோவிலுக்கும் சம்பந்தமில்லை என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. 1903-இல் தந்தை சாகக் கிடந்தபோது, அந்தப் படுக்கையருகே நின்று, தொழிலாளர்களுக்காகவே வாழ்வேன் என்று கார்டைன் உறுதி எடுத்துக்கொண்டார். 1906-இல் குருவானார். பின்பு பிரசெல்ஸ் நகரை ஒட்டிய லாக்கன் பங்கில் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களையும் பையன்களையும் சிறு குழுக்களாகக் கூட்டினார். 1925-இல் அது இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கமாக உருவெடுத்தது. தன் வேலையிடத்தில் நடப்பதை முதலில் பார், நற்செய்தியின் ஒளியில் அதைச் சீர்தூக்கு, பிறகு செயல்படு. இதுதான் அவர் கற்றுக்கொடுத்த முறை. நம் பங்குகளில் ஒய்.சி.எஸ். மாணவர் கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு இந்த மூன்று படிகளும் நினைவிருக்கும். அவை ஆலைத் தொழிலாளர் நடுவே பிறந்தவை.

இந்த இயக்கம் பிரான்சுக்குப் பரவியது. அதன் வழிகாட்டிக் குருக்களில் ஒருவர் ஆன்றி கோதேன். பாரிஸ் நகரின் விளிம்பில் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் பணி செய்தவர். 1943-இல் அவரும் இவான் தானியேல் என்ற குருவும் சேர்ந்து ஒரு சிறு நூல் வெளியிட்டார்கள். பிரான்சு மறைபரப்பு நாடா என்பதுதான் அதன் தலைப்பு, கேள்விக்குறியோடு. மறைபரப்பு நாடுகள் என்றால் அந்நாளில் நம்மைப் போன்றவர்களின் நாடுகள். நமக்குக் குருக்களை அனுப்பிக்கொண்டிருந்த தேசத்தில், அதன் தலைநகரத்தின் கொல்லைப்புறத்திலேயே நற்செய்தி போய்ச் சேராத ஒரு மக்கள் கூட்டம் இருக்கிறது என்று இரண்டு குருக்கள் எழுதியது எவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்கும்!

கோதேன் கண்டுபிடித்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. தொழிலாளர் நடுவே மனமாற்றம் நடக்காமலில்லை, நடக்கிறது என்கிறார் அவர். ஓர் இளைஞன் கிறிஸ்துவைக் கண்டுகொள்கிறான். அவனைப் பங்குக் கோவிலுக்கு அழைத்துப் போகிறோம். அங்கே உடுப்பு வேறு, பேச்சு வேறு, யார் எங்கே உட்கார வேண்டும் என்ற ஒழுங்கு வேறு. கிறிஸ்தவனாக வேண்டுமானால் தன் தெருவையும் தோழர்களையும் விட்டு இன்னொரு வகுப்பு மனிதனாக மாற வேண்டும் என்று சொல்லாமல் சொல்கிறது அந்தச் சூழல். சில வாரங்களில் அவன் வருவதை நிறுத்திவிடுகிறான். பிறகு நாம் அவனுடைய நம்பிக்கைக் குறைவைப் பற்றிப் பேசுகிறோம்.

பாரிஸ் பேராயர் கர்தினால் சுஹார் அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கையில் எடுத்தவர், ஒரே இரவில் படித்து முடித்தார் என்று சொல்வார்கள். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த முதியவர். இயல்பில் புரட்சிக்காரர் அல்லர். திருச்சபைக்கும் மக்களுக்கும் நடுவே ஒரு சுவர் நிற்கிறது, அது இடிக்கப்பட வேண்டும் என்பது அவருடைய மனக்கவலை. முந்தின ஆண்டே, குழந்தை தெரேசாவின் ஊரான லிசியோவில், நாட்டுக்குள்ளேயே மறைபரப்பச் செல்லும் குருக்களுக்கென ஒரு குருமடம் திறக்கப்பட்டிருந்தது. இப்போது பாரிஸ் நகரத்துக்கென்றே தனியாக ஒரு குழுவை உருவாக்கினார். வழக்கமான பங்குப் பணி எதுவும் அவர்களுக்கு இல்லை. கோதேனோ அதன் பலனைப் பார்க்கவில்லை. 1944 ஜனவரியில் ஓர் இரவு, தம் அறையில் தூக்கத்திலேயே மூச்சுத் திணறி இறந்தார். வயது 37.

அப்போது உலகப் போர். ஜெர்மானியர் பிரெஞ்சு இளைஞர்களை இலட்சக்கணக்கில் தங்கள் நாட்டு ஆலைகளுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள். அவர்களோடு ஆன்ம குருக்களை அனுப்ப அனுமதி இல்லை. எனவே குருக்கள் சிலர் தம் அடையாளத்தை மறைத்து, தொழிலாளர்களாகவே பெயர் பதிந்துகொண்டு போனார்கள். இயேசு சபைக் குரு ஆன்றி பெரேன் அவர்களில் ஒருவர். லைப்சிக் நகரில் பிடிபட்டுச் சிறையிலும் இருந்தார். அங்கே அவர்கள் கற்றதை எந்தக் குருமடமும் கற்பித்திருக்காது. அங்கியும் பட்டமும் பங்கு வீடும் இல்லாமல், பக்கத்தில் நின்று இயந்திரத்தை ஓட்டும் வெறும் மனிதனாக நிற்கும்போது, மற்றவன் நம்மிடம் பேசுகிற பேச்சே வேறு. போர் முடிந்து திரும்பியபின் பழையபடி பங்கு அலுவலகத்தில் போய் உட்கார அவர்களில் சிலருக்கு மனம் வரவில்லை.

இதற்கெல்லாம் முன்பே, 1941-இல், மார்சேய் துறைமுகத்தில் சாமிநாதர் சபைக் குரு ஒருவர் மூட்டை தூக்கத் தொடங்கியிருந்தார். ழாக் லோவ் என்பது அவர் பெயர். முன்னாள் வழக்கறிஞர். இளமையில் நம்பிக்கையற்றிருந்து பின்பு கடவுளைக் கண்டடைந்தவர். துறைமுகத் தொழிலாளர்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை எழுதத்தான் சபை அவரை அனுப்பியது. கணக்குகளையும் அட்டவணைகளையும் புரட்டிப் பார்த்தவர், இப்படி இவர்களை அறிந்துகொள்ள முடியாது என்று கண்டு, வேலை உடுப்பை மாட்டிக்கொண்டு கப்பலடிக்குப் போய்விட்டார். பகலெல்லாம் சரக்கு இறக்குவார். தொழிலாளர் வாழும் ஏழைத் தெருவிலேயே குடியிருந்தார்.

1950-களின் தொடக்கத்தில் இப்படி வேலை செய்த குருக்கள் ஏறக்குறைய நூறு பேர். அவர்கள் தொகை சிறிதுதான். அவர்கள் செய்ததும் பார்வைக்குப் பெரிதல்ல. பகலில் ஆலை, மாலையில் ஒரு சிறிய அறை, சமையலறை மேசைமேல் திருப்பலி, சுற்றி நாலைந்து பேர். மாலைத் திருப்பலி அந்நாளில் அபூர்வம் என்பதை இளையவர்கள் அறிந்திருக்கமாட்டீர்கள். நன்மை வாங்குகிறவர் நள்ளிரவு முதல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. 1953 ஜனவரியில் 12-ஆம் பயஸ் இந்தச் சட்டத்தைத் தளர்த்தி மாலைத் திருப்பலிக்கு வழிவிட்டபோது, காரணங்களில் ஒன்றாக அவர் குறிப்பிட்டது இரவும் பகலும் முறை மாற்றி உழைக்கிற தொழிலாளர்களை. இன்று அலுவலகம் முடிந்து ஆறரை மணிப் பூசைக்கு வருகிறவர்கள் அந்த ஆலைத் தொழிலாளிகளுக்கும் ஒரு நன்றி சொல்லலாம்.

சிக்கல் எங்கே வந்தது? வேலைக்குப் போனவர்கள் வேலையின் அநியாயத்தையும் பார்த்தார்கள். ஒரு கை இயந்திரத்தில் போனால் என்ன கிடைக்கும், வேலைநிறுத்தம் செய்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை உடலால் அறிந்தார்கள். தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். பிரான்சின் மிகப் பெரிய சங்கமோ கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கில் இருந்தது. கம்யூனிஸ்டுக் கொள்கையை ஏற்றுப் பரப்பும் கத்தோலிக்கருக்குச் சபைநீக்கம் என்று 1949-இல்தான் உரோமை அறிவித்திருந்தது. சில குருக்கள் சங்கத்தின் பொறுப்பாளர்களானார்கள். 1952-இல் பாரிசில் நடந்த ஓர் ஆர்ப்பாட்டத்தில் இரு குருக்கள் கைதாகிக் காவலர்களிடம் அடிவாங்கியபோது நாடே பேசியது. ஒரு சிலர் குருத்துவத்தை விட்டு மணம் முடித்தார்கள்.

உரோமையின் அச்சத்தை நான் கேலி செய்யமாட்டேன். செபம் குறைந்தது, தனிமை கூடியது என்பது சிலர் விஷயத்தில் உண்மை. பத்து மணி நேரம் இயந்திரத்தோடு நின்றவன் திருப்புகழ்மாலைப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து கண்ணில் ஓடாது. குருவானவர் எதற்காக அருள்பொழிவு பெற்றார் என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு எதிரே பவுலடியாரை வையுங்கள். கொரிந்தில் அக்கிலா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் செய்து பிழைத்தவர் அவர். கையால் உழைத்த திருத்தூதருக்கு நாம் சிலை வைத்திருக்கிறோம்.

1953 இலையுதிர் காலத்தில் பிரான்சின் மூன்று கர்தினால்கள், லில் நகரின் லியேனார், லியோன் நகரின் ஜெர்லியே, பாரிசின் ஃபெல்தேன், திருத்தந்தையிடம் நேரில் போய் மன்றாடினார்கள். முழுத் தடையை ஓரளவு தளர்த்தினார்கள், அவ்வளவுதான். 1954 ஜனவரியில் குருக்களுக்குக் கடிதம் போனது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்குமேல் கூலி வேலை கூடாது. சங்கங்களிலிருந்து விலக வேண்டும். தனியே வாழாமல் குருக்கள் குழுவோடு சேர்ந்து வாழ வேண்டும். மார்ச் முதல் தேதி கெடு. மூன்று மணி நேரத்துக்கு எந்த ஆலை ஆள் எடுக்கும்? கடிதத்தின் பொருள் எல்லாருக்கும் புரிந்தது.

ஏறக்குறைய பாதிப் பேர் கீழ்ப்படிந்தார்கள். பாதிப் பேர் ஆலையிலேயே இருந்துவிட்டார்கள். ஒரு பக்கம் குருப்பட்டத்தன்று ஆயரின் கைகளுக்குள் தம் கைகளை வைத்துக் கொடுத்த வாக்கு. மறுபக்கம், நீயும் எங்களை விட்டுப் போய்விடுவாய் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த தோழர்களின் முகம். எந்தப் பக்கம் போனாலும் யாரையோ கைவிட்டாக வேண்டும். நானும் அந்த வாக்கைக் கொடுத்தவன்தான். நான் கீழ்ப்படிந்திருப்பேன் என்றே நினைக்கிறேன். இருந்துவிட்டவர்கள்மீது கல்லெறிய என் கை எழாது. லோவ் கீழ்ப்படிந்தார். துறைமுகத்தை விட்டு வந்து, தொழிலாளர் பணிக்கென வேறொரு குழுவைத் தொடங்கி அமைதியாக உழைத்தார். 1970-இல் திருத்தந்தை 6-ஆம் பவுலுக்கே தவக்காலத் தியானம் கொடுக்க அழைக்கப்பட்டார். ஜெர்மனியில் சிறையிருந்த பெரேன் அந்த 1954-ஆம் ஆண்டிலேயே ஒரு சாலை விபத்தில் இறந்தார்.

அதே 1954 பிப்ரவரியில் இன்னொன்றும் நடந்தது. இவ் கொங்கார் என்ற சாமிநாதர் சபை இறையியலாளரைப் பாரிசிலிருந்து அகற்றினார்கள். தொழிலாளர் குருக்களுக்கு ஆதரவாக எழுதியவர் அவர். முந்தின வருடம்தான் பொதுநிலையினரைப் பற்றிய பெரிய இறையியல் நூலொன்றையும் வெளியிட்டிருந்தார். எங்கள் காலத்துக் குருமட மாணவர்கள் அவர் பெயரை மரியாதையோடு படித்தோம். அவர் பட்ட பாட்டைப் பிற்பாடுதான் அறிந்தோம்.

அடுத்த ஆண்டு மே முதல் நாள் தொழிலாளரான யோசேப்பின் விழா அறிவிக்கப்பட்டது. தொழிலாளர் நடுவிலிருந்து குருக்களை வெளியே அழைத்த அதே திருத்தந்தை, ஒரு தச்சரைப் பீடத்தில் ஏற்றினார். இதில் முரண்பாட்டை மட்டும் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒரு தந்தையின் சங்கடமும் தெரிகிறது. 1959-இல் மிச்சமிருந்த சிறு வாசலும் சாத்தப்பட்டது. அப்போது திருத்தந்தை 23-ஆம் யோவான். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பாரிசில் திருப்பீடத் தூதராக இருந்து இந்தக் குருக்களை அருகிலிருந்து பார்த்தவர் அவர். நல்லவர்கள் பதவிக்கு வந்தால் எல்லாம் உடனே மாறிவிடும் என்று நினைக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த யோவான்தான் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டினார். வெளியேற்றப்பட்ட கொங்காரை அதன் தயாரிப்புப் பணிக்கே அழைத்தார். 1961-இல் வெளியிட்ட சமூகத் திருமடலில் கார்டைனின் மூன்று படிகளைத் திருச்சபையின் முறையாகவே ஏற்றார். 1965 அக்டோபரில், 6-ஆம் பவுலின் இசைவோடு, பிரான்சு ஆயர்கள் குருக்களை மீண்டும் ஆலைகளுக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள், சங்கம் முடிவதற்கு முந்தின நாள், குருக்களைப் பற்றிய ஏடும், 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏடும் ஒன்றாக வெளிவந்தன. முதலாவது, தொழிலாளரின் வாழ்வில் பங்கேற்றுக் கையால் உழைக்கும் குருக்களையும் குருக்களின் ஒரே குடும்பத்தில் சேர்த்துப் பேசுகிறது. இரண்டாவது, நம்பிக்கை ஒருபுறமும் அன்றாட வாழ்வு மறுபுறமுமாகப் பிளந்து கிடப்பதை இக்காலத்தின் பெரும் தவறுகளில் ஒன்றாகக் கணிக்கிறது.

இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது: மறுபடி அனுமதி கிடைத்தபின்பும் பிரான்சின் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகக் கோவிலுக்குத் திரும்பவில்லை. அப்படியானால் அத்தனை பாடும் வீணா? அந்தக் குருக்கள் கோவிலை நிரப்பப் போகவில்லை என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் என் மனத்தில் வேறொன்று உறுத்துகிறது. ஆலைக்குள் யாரை அனுப்பலாம், குருவை அனுப்பலாமா கூடாதா என்று பேசிக் கழிந்தன பல ஆண்டுகள். ஆலைக்குள் திருமுழுக்குப் பெற்றவர்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். கார்டைன் நாற்பது வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தொழிலாளிக்கு நற்செய்தி சொல்ல வேண்டியவர் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் தொழிலாளி என்பார். 1965-இல், 82 வயதில், கர்தினால் சிவப்பு அணிந்து சங்கத்தின் கடைசி அமர்வில் வந்து உட்கார்ந்தார். அந்த அமர்வில்தான் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய ஏடும் நிறைவேறியது. 1967-இல் இறந்தார்.

இதையெல்லாம் வகுப்பில் நன்றாகவே பாடம் நடத்தக்கூடியவன் நான். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்கில், ஞாயிறு பூசைக்கு வராத ஓர் இளைஞனை வழியில் நிறுத்திக் கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. வாரம் மாறி வாரம் இரவு ஷிஃப்ட். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வேன் அவனைச் சாலை முனையில் இறக்கிவிடும்போது என் கோவிலில் இரண்டாம் மணி அடிக்கும். தலையைக் குனிந்து நின்றான். பிறகு, "ஃபாதர், எங்க லைன்ல நம்ம ஆளுங்க நாலு பேர் இருக்கோம். சாப்பாட்டு டைம்ல ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டுத்தான் டப்பாவைத் திறப்போம். போன மாசம் ஒருத்தனுக்கு விரல் போச்சு. நாங்கதான் காசு சேத்துக் குடுத்தோம்" என்றான்.

அந்தப் பங்கில் நான் மூன்று ஆண்டுகள் இருந்திருந்தேன். அன்பியக் கூட்டங்களின் கணக்கு என் நோட்டில் இருந்தது. இந்த நால்வரின் கூட்டம் அதில் இல்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலை ஏழரை மணிக்கு ஒரு பூசை சேர்த்தோம். முதல் வாரம் ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களில் மூவர் கம்பெனிச் சீருடையோடே வந்து, உள்ளே வரலாமா என்று கேட்டு, வாசற்படியில் நின்றார்கள்.